நான்காவது மேட்டின் பெயர்

மலேசியாவின் மம்பாவில் எங்கள் வீட்டு ஹாலில், தொலைக்காட்சிக்கு மேலே, ஒரு பழைய வரைபடம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைச் சாமி படம் என்று நினைத்துக் கையை நெஞ்சு வரைக்கும் தூக்குவார்கள். கிட்டே வந்து பார்த்ததும் அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொள்வார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை. கேட்டால் சொல்லலாம். கேட்பதில்லை.

அது நான் பிறந்த ரப்பர் தோட்டத்தின் படம். கோலா சாவா தாண்டி உள்ளே போகும் சாலையில் இருக்கிறது அந்தத் தோட்டம். சிரம்பானில் ஒரு நில அளவையாளரின் ஆபீசில் முப்பத்தொரு வருடம் படம் வரைகிறவனாக இருந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது பழைய படங்களைக் கட்டுக் கட்டாகத் தூக்கிப் போட்டார்கள். அந்தக் குப்பையில் இதுவும் கிடந்தது. தொழில் தெரிந்தவன் வரைந்ததில்லை. வடக்கைக் காட்டும் அம்பு சாய்ந்திருந்தது, அளவும் சரியில்லை. தோட்டத்தை முதன்முதலில் திறந்த வெள்ளைக்கார துரை தானே உட்கார்ந்து வரைந்தது என்று ஓரத்தில் எழுதியிருந்ததிலிருந்து தெரிந்தது. ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள், ரப்பர் பால் கொட்டகைக்கு ஒதுக்கிய இடம், நடுவில் ஓடும் ஆறு, நான்கு மேடுகள். நான்கு மேடுகளுக்கும் அவர் பெயர் எழுதியிருந்தார். ஆங்கில எழுத்து, ஆனால் ஆங்கிலம் இல்லை. பிற்பாடு வந்த படங்களில் பெயர்கள் போய் நம்பர்கள் வந்துவிட்டன.

எங்கள் ஆட்கள் அந்த மேடுகளைத் துரையைக் கேட்டுக் கூப்பிடவில்லை. தண்ணீர் டாங்கி இருந்தது டாங்கி மேடு. சின்னக் கோயில் இருந்தது சாமி மேடு. மழை பெய்தால் லாரி சறுக்குவது செம்மண் மேடு. நான்காவது ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதற்கென்று ஒரு பெயர் எங்கள் காதில் விழுந்ததில்லை. அக்கரை என்பார்கள், அவ்வளவுதான். அங்கே பாம்பு அதிகம், பொம்பளைகளும் பிள்ளைகளும் போகக்கூடாது என்பார்கள். நாங்கள் போகவில்லை. பாம்பு மற்ற மூன்று மேடுகளிலும் இருந்தது. இதை அந்த வயதில் யோசிக்கத் தோன்றவில்லை.

போன வருடம் ஒரு காலையில் தோட்டம் விற்றுப்போன செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. மேடுகளையெல்லாம் சமப்படுத்தி வீடுகள் கட்டப் போகிறார்களாம். மலையை வெட்டித் தள்ளிவிட்டு, அங்கே கட்டும் குடியிருப்புக்குப் புக்கிட், அதாவது மலை, என்று தொடங்கும் பெயர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் செய்தியைச் சத்தமாகப் படித்தேன். எண்பத்திரண்டு வயது அம்மா கீழே காகிதம் விரித்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"இடிக்கிறதுக்கு முன்னாடி மூத்தவளப் பாத்துட்டு வந்துடணும்."

எங்கள் வீட்டில் மூத்தவன் நான் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். யார் சொல்லித் தெரியும் என்பது தெரியாது. அறுபது வருடத்தில் அம்மா அவளைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. திறந்ததும் நெத்திலித் தலையைக் கிள்ளுவதுபோல் அவ்வளவு சாதாரணமாகத் திறந்தார்.

அவள் பதினோரு நாள் இருந்தாள். எங்களில் பதினாறாம் நாள்தான் பெயர் வைப்பது. அதனால் அவளுக்குப் பெயர் இல்லை. சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, ஏதாவது ஒரு மேட்டில் புதைப்பதுதான். பெண்கள் அந்த இடத்துக்குப் போவதில்லை. பெற்றவள் தீட்டில் இருப்பதால் வாசல்கூடத் தாண்டுவதில்லை. அப்பா ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறார். கூட இரண்டு ஆண்கள், ஒரு மண்வெட்டி. திரும்பி வந்தபோது, எங்கே வைத்தீர்கள் என்று அம்மா கேட்டிருக்கிறார். "நல்ல எடமாப் பாத்துதான் வச்சிருக்கேன்" என்றாராம் அப்பா. அன்றைக்குப் பிறகு அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா போய் இருபது வருடம் ஆகிறது. கூடப் போன இரண்டு பேரும் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள்.

ஆகவே வேலை இதுதான்: நான்கு மேட்டில் எந்த மேடு என்று கண்டுபிடிக்க வேண்டும், இயந்திரம் வருவதற்கு முன்னால். படம் வரைந்து பிழைத்தவனுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன். நினைத்ததைத் தங்கச்சியிடம் சொல்லவும் செய்தேன்.

தங்கச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட நாலு வயது சின்னவள். செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். ஐந்நூறு பேர் நடுவில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் இப்போதும் எதிரில் இருக்கும் ஒருவரிடம் அப்படித்தான் பேசுவாள். அவளுக்கு ஒரு மனக்குறை உண்டு. எனக்குப் பெயர் வைக்க அப்பா கோயில் பூசாரியிடம் போய், நட்சத்திரம் பார்த்து, எழுத்து கேட்டு, மூன்று நாள் அலைந்திருக்கிறார். அவளுக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை. பிறந்தது பெண் என்று சொன்னதும் அம்மா தயாராக வைத்திருந்ததுபோல் ஒரு பெயரைச் சொல்லிவிட்டாராம். "எனக்கு மட்டும் ரெடிமேட் பேரு" என்பாள். அந்தப் பெயரை அம்மா கூப்பிட்டால் ரெண்டு லயம் தள்ளிக் கேட்கும். என்னைக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது.

தங்கச்சி வழக்கம்போல் நேராக விஷயத்துக்கு வந்தாள். "படத்துல பேரு எழுதியிருக்குல்ல, அதுக்கு அர்த்தம் பாருண்ணே."

பார்த்தேன். இணையத்தில் தேடினால் அவை ஸ்காட்லாந்து மலைகளில் பேசும் கேலிக் என்ற மொழி என்று வந்தது. துரை அந்தப் பக்கத்துக்காரர்போல. அந்த மலைகளில் ஏறுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஒரு சங்கத்தின் பக்கத்தில் மலைப் பெயர்களைப் பற்றிக் கேட்க ஒரு முகவரி இருந்தது. எழுதினேன். மலேசியாவில் ஒரு தோட்டத்தில் இந்த நான்கு பெயர்களும் இருக்கின்றன, பொது அறிவுக்காகக் கேட்கிறேன், அர்த்தம் சொல்ல முடியுமா என்றேன். பொது அறிவுக்காக என்று எழுதியதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளவும்.

பதில் எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான்கு பெயருக்கும் ஒரே மெயிலில் நான்கு வரி எழுதியிருக்கலாம். அவர் ஒரு மெயிலுக்கு ஒரு மேடு என்று வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் அன்றைய மழையில் தொடங்கும். அங்கே மழை பெய்யாத நாளில் அவர் எழுதவில்லை, அல்லது அங்கே மழை பெய்யாத நாளே இல்லை.

முதல் மெயில் டாங்கி மேட்டைப் பற்றி. துரை அதற்கு வைத்த பெயர் பென் வோர். பெரிய மலை என்று அர்த்தம். தங்கள் நாட்டில் பென் வோர்கள் ஏராளம், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இருப்பதில் பெரியதுக்கு அந்தப் பெயர் விழும் என்றார். உங்களுடையது எவ்வளவு உயரம் என்று கேட்டிருந்தார். லாரி ரெண்டாவது கியரில் ஏறும் என்று பதில் போட்டேன். அவர் அதைக் குறித்துக்கொள்வதாக எழுதினார்.

மலைக்குத் தங்களிடம் ஒரு சொல் இல்லை, பல சொற்கள் என்றும் எழுதியிருந்தார். உயர்ந்து நிற்பது பென். கல் குவிந்தது கார்ன். உருண்டு திரண்டது மெயல். சின்னதாக மேடிட்டது க்ரோக். முதுகுபோல் நீண்டால் முதுகு, மூக்குபோல் நீட்டினால் மூக்கு, மார்புபோல் இருந்தால் அதையும் சொல்லிவிடுவார்களாம், சர்ச்சுக்குப் போகும் மக்களாக இருந்தாலும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்களிடமும் மலை, குன்று, மேடு, கரடு, பொத்தை, திட்டு, முகடு எல்லாம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் அனுப்பினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் வித்தியாசம் கேட்டார். எனக்குத் தெரிந்த வித்தியாசங்கள் மூன்றோடு தீர்ந்துபோயின. மீதியைச் சமாளித்து எழுதினேன்.

சாமி மேடு அவர் மொழியில் ஸ்ட்ரோன், அதாவது மூக்கு. படத்தைப் பார்த்தால் ஆற்றுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அறுபது வருடம் நான் அதை மூக்காகப் பார்த்ததில்லை, இப்போது மூக்கைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. செம்மண் மேடு கார்ன் ஜெரக். சிவப்புக் கற்குவியல். இந்த மெயிலைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். துரையும் சிவப்பு என்றிருக்கிறார், எங்கள் ஆட்களும் சிவப்பு என்றிருக்கிறார்கள், ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமலே. மண் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது.

நான் அம்மாவிடம் போனேன். "அன்னைக்கு அப்பா திரும்பி வந்தப்ப கால் எப்படி இருந்துச்சு?"

அம்மா யோசிக்கவே இல்லை. "செவப்பா இருந்துச்சு. வாசல்ல மண்ணு ஒட்டுச்சு. நான்தான் அப்புறம் சுரண்டினேன்."

பெயர் சிவப்பு, மண் சிவப்பு, அப்பாவின் கால் சிவப்பு. மூன்று சாட்சி. தங்கச்சிக்குப் போன் போட்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். நாலாவது பெயருக்கு அர்த்தம் வந்துவிட்டதா என்று கேட்டாள். வரவில்லை. அந்த ஆசிரியர் அதைப் பற்றி மட்டும் ஒரு விசித்திரமான மெயில் அனுப்பியிருந்தார். மழை இல்லை, முன்னுரை இல்லை. நான்காவது பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கலாமா, நீங்கள் ஏன் இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று இருந்தது. அதுதான் சொன்னேனே பொது அறிவுக்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது. பதில் போடவில்லை. முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரரிடம் எங்கள் வீட்டுக் குழந்தை செத்த கதையை ஏன் சொல்ல வேண்டும்? எங்கள் வீட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் தங்கச்சியின் மைவி காரில் கிளம்பினோம். அம்மா முன் சீட்டில். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு போத்தல் பால், ஒரு பாக்கெட் பிஸ்கட், சூடம், பஜாரில் தானே தேர்ந்தெடுத்து வாங்கிய ஒரு மஞ்சள் கவுன். ஒரு வயசுப் பிள்ளைக்கு ஆகிற கவுன். பதினோரு நாள் குழந்தைக்குப் பெரிதாக இருக்குமே என்று தங்கச்சி சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். தங்கச்சி கியரை மாற்றினாள்.

தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. எல்லா மேடும் ஒன்றுபோலவே இருக்கிறது. துரை திரும்பி வந்தாலும் தான் வைத்த மூக்கைத் தேட வேண்டியதுதான். செம்மண் மேட்டின் அடிவாரம் வரைக்கும் கார் போனது. அங்கே செம்பனைக் குலைகளை ஏற்றும் டிராக்டர் ஒன்று நின்றது. ஓட்டுகிறவர் வங்காளதேசத்துக்காரர், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். அம்மா தடியூன்றி இறங்குவதைப் பார்த்து எழுந்து வந்தார். "ச்சாரி அபா, பாக்?" என்றார் மலாயில். எதைத் தேடுகிறீர்கள் ஐயா என்று.

"தெங்கோ தெங்கோ சாஜா" என்றேன். சும்மா பார்க்க வந்தோம் என்று. அவர் பையில் எட்டிப் பார்த்த கவுனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்லப் போனார். நான் அதற்குள் அம்மாவின் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

மேட்டின் பாதியில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, இங்கேதான் என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். ஏன் அந்த மரம் என்று எனக்கே தெரியாது. அம்மா பாலை ஊற்றினார். தங்கச்சி சூடம் ஏற்றினாள். காற்று இல்லை, சூடம் நன்றாக எரிந்தது. கவுனை மட்டும் அம்மா பையிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல் நின்றார். பிறகு, "சரி, போலாம்" என்றார்.

காரில் வரும்போது தங்கச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்து, அவளுக்குத் தெரிந்த அளவில் ரகசியமாக, "அம்மா அழவே இல்லண்ணே" என்றாள்.

"அதெல்லாம் அறுவது வருசம் ஆச்சு லா," என்றேன்.

முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பாமலே பேசினார். "தண்ணி சத்தம் கேக்கல."

"என்ன தண்ணி?"

"நல்ல எடம், தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், பிள்ள பயப்படாதுன்னு ஒங்கப்பா சொன்னாரு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"நீ கால் எப்படி இருந்துச்சுன்னுதான கேட்ட."

இதற்குமேல் சண்டை போட இடமில்லை. தங்கச்சி காரை ஓரமாக நிறுத்தினாள். அவள் நிறுத்திப் பேசுகிறாள் என்றால் யோசித்துவிட்டாள் என்று அர்த்தம்.

"அண்ணே, எழவுக்குப் போனவங்க குளிக்காம வீட்டுக்கு வருவாங்களா?"

கேட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"ஆத்துல முங்கிட்டுத்தான வருவாங்க? கால் கழுவினதுக்கு அப்புறம்தான செம்மண்ணு ஒட்டியிருக்கும்? அப்ப செம்மண் மேடு ஆத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல. தண்ணி சத்தம் கேக்குற மேடு ரெண்டுதான், அதுல கோயில் இருக்கிற மேட்டுல பொதைக்கமாட்டாங்க. பிள்ள ஆத்துக்கு அந்தப் பக்கம்."

முப்பத்தொரு வருடம் படம் வரைந்தவன் நான். எந்த இழவு வீட்டிலும் எல்லோரோடும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலை வைத்திருக்கிறேன். அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு நனைந்த வேட்டியோடு வந்தவனும் நான்தான். துரையின் மொழி வரைக்கும் போய்ச் சாட்சி தேடிய எனக்கு, எங்கள் வீட்டு வழக்கம் நினைவுக்கு வரவில்லை. பாலை வேறு யாருக்கோ ஊற்றிவிட்டு வந்திருந்தோம், அல்லது யாருக்குமே இல்லாமல். அம்மாவைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா ஜன்னல் வழியே செம்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஆசிரியருக்குப் பதில் எழுதினேன். நான்கு தடவை எழுதி நான்கு தடவை அழித்தேன். கடைசியில் இரண்டு வரி. என் அம்மாவின் முதல் குழந்தை பெயர் வைக்குமுன் இறந்துபோனது. அது எந்த மேட்டில் இருக்கிறது என்று தேடுகிறோம்.

அந்த இரண்டு வரியை ஒரு பாஷையிலும் நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. அனுப்பிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவளுக்காகவா, அம்மாவுக்காகவா, எனக்காகவா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

பக்கம் பக்கமாக எழுதுகிறவர் அன்று சில வரிகள்தான் எழுதியிருந்தார். அந்தப் பெயர் க்ரோக் நன் லெனவ். க்ரோக் என்றால் சின்ன மேடு. லெனவ் என்றால் குழந்தை. குழந்தைகளின் மேடு. தங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில், சர்ச்சில் பெயர் வைப்பதற்கு முன்னால் இறந்துபோன குழந்தைகளை மற்றவர்களோடு புதைக்க விடமாட்டார்களாம். ஊருக்கு வெளியே தண்ணீர் ஓரமாக இப்படி ஒரு மேடு இருக்கும். அப்பாக்கள்தான் தூக்கிக்கொண்டு போவார்கள், அம்மாக்கள் போவதில்லை. எந்த மேடு என்று அம்மாக்களிடம் சொல்வதும் இல்லை. உங்கள் படத்தை வரைந்தவர் அங்கே என்ன பார்த்தாரோ அதற்குத் தன் ஊரில் இருந்த பெயரை எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பொது அறிவுக்காகக் கேட்பவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் தாமதித்தேன், மன்னிக்கவும். இவ்வளவுதான்.

நான் எழுந்து போய் ஹாலில் படத்தைப் பார்த்தேன். இத்தனை வருடம் செய்தி பார்க்கும்போதெல்லாம் அது என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்திருக்கிறது. தோட்டம் திறந்து சில வருடங்களில் வரைந்த படம் அது. ரப்பர் கன்றுகள் பால் கொடுக்கத் தொடங்கும் முன்னாலேயே அந்த மேட்டுக்குப் பன்மையில் பெயர் வைக்கும்படி ஆகியிருக்கிறது. துரை நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. அவர் அதைப் பார்த்தார், எழுதினார், அடுத்த நாள் காலையில் வழக்கம்போல் ஆட்களை வேலைக்கு அனுப்பியிருப்பார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கிளம்பினோம். அதே மைவி, அதே பை, புதுப் பால். டிராக்டர்காரர் அதே இடத்தில் இருந்தார். இந்தத் தடவை அவர் கேட்பதற்கு முன்னாலேயே நானே இறங்கிப் போய்ச் சொன்னேன். என் அக்கா, பதினோரு நாள் குழந்தை, ஆற்றுக்கு அந்தப் பக்கம். மலாயில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

"ஓ, புக்கிட் புடாக்" என்றார் அவர், பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டவரிடம் சொல்வதுபோல். குழந்தைகள் மேடு. இங்கே வேலை செய்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். மேட்டின் உச்சியில் யாரும் மரம் நடுவதில்லை, குலை வெட்டவும் போவதில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்த இந்தோனேசியக்காரர்கள் சொன்னார்கள், அவர்களுக்கு அதற்கு முன்னால் இருந்த தமிழர்கள் சொன்னார்களாம். போன வாரம் அந்தக் கவுனைப் பார்த்ததும் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், நீங்கள் சும்மா பார்க்க வந்தோம் என்றீர்கள் என்றார். நான் தலையாட்டினேன். ஸ்காட்லாந்தில் ஒருவரும் கோலா சாவாவில் ஒருவரும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, நான் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

ஆற்றைத் தாண்டக் குலை ஏற்றும் இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. கார் போகாது. டிராக்டர்காரர் பின்பெட்டியைக் கழுவி, ஒரு சாக்கு விரித்து, அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தார். எண்பத்திரண்டு வயதில் அம்மா முதல் தடவையாக அக்கரைக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேரில் போகிற சாமிபோல் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மேடு சின்னதுதான். துரை சொன்னது சரி, இதற்குப் பென் என்றோ கார்ன் என்றோ பெயர் வைக்க முடியாது. உச்சியில் ஒரு வீட்டு ஹால் அளவுக்குப் புல்வெளி. ஓரத்தில் பழைய ரப்பர் மரம் ஒன்று, யாரும் வெட்டாமல் விட்டது. புல்லில் அங்கங்கே ஆற்றுக் கற்கள், உள்ளங்கை அளவு, ஒவ்வொன்றும் தனித்தனியாக. எத்தனை என்று நான் எண்ணவில்லை. கற்களுக்கு நடுவே ரோஸ் நிற ரிப்பன் கட்டிய முளைக்குச்சிகள் அடித்திருந்தார்கள். நில அளவைக் குச்சிகள். குச்சிக்குக் குச்சி எவ்வளவு தூரம் என்று என் கண் தானாக அளந்தது. இணைவீடுகள், வரிசைக்குப் பத்து. எது யாருடைய கல் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

எந்தக் கல் என்று அம்மா கேட்கவில்லை. டிராக்டர்காரர் தூரமாகப் போய் எஞ்சினை அணைத்தார். எஞ்சின் நின்றதும் கீழே தண்ணீர் சத்தம் கேட்டது. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்ல எடந்தான்" என்றார், அப்பா பக்கத்தில் நின்று பதிலுக்குக் காத்திருப்பதுபோல்.

பிறகு பையிலிருந்து அந்த மஞ்சள் கவுனை எடுத்து, விரித்து, சுருக்கம் நீவி, தங்கச்சியின் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். தடியை என்னிடம் கொடுத்தார். பால் போத்தலைத் திறந்துகொண்டு, இரண்டு எட்டு முன்னால் வைத்து, எல்லாக் கற்களையும் பார்த்தபடி, ரெண்டு லயம் தள்ளிக் கேட்கும் அந்தக் குரலில், தங்கச்சியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"என்னம்மா?" என்றாள் தங்கச்சி, கவுனோடு பின்னால் நின்றவள்.

அம்மா திரும்பவில்லை.

"ஒன்ன இல்ல" என்றார்.